காப்பறையில் பதினொன்று

புதிய வீவக வீடுகளில் ஓர் அறை உண்டு,
குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள.
கனத்த இரும்புக் கதவு.
எங்கள் யீஷூன் வீட்டில் அதற்குள்
அரிசி மூட்டை, உடைந்த மின்விசிறி,
பிரேமளாவின் தையல் இயந்திரம்,
நிதர்சனின் பழைய புத்தகப்பை.

அந்தப் பைக்குள்தான் இருந்தன
பதினொரு உள்ளாடைகள்.
பள்ளிச் சுற்றறிக்கைத் தாளில் சுருட்டி,
சில காய்ந்து அட்டையாகி.
நான் கத்திய கத்தலில்
எதிர் புளோக்கில் துணி காயப்போட்டவள் திரும்பிப் பார்த்தாள்.
"எட்டு வயசுடா உனக்கு!"
"எனக்குத் தெரியலப்பா."
"வந்தது தெரியாதா? நாறுறது தெரியாதா?"
"தெரியல."
பொய் சொன்னதற்கென்று தனியாக ஓர் அடி.
இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் சியூ
என்னைக் கேட்கவில்லை, அவனைக் கேட்டார்.
வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார்.
பிறகு ஒரு தாளைத் திருப்பிப் போட்டு
குழாய் ஒன்று வரைந்தார், அதன் அடியில் வீங்கிய பை.
அடக்கி அடக்கி உள்ளே இறுகிப்போனது.
பை விரிந்து, தொய்ந்த எலாஸ்டிக்காகிவிட்டது.
நிறைந்தால் மணியடிக்க வேண்டிய நரம்பு
அடிப்பதை நிறுத்திக்கொண்டது.
இறுகியதன் ஓரமாய்த்
தண்ணீராய்க் கசிவதுதான் உள்ளாடையில்.
"அவனுக்குத் தெரியாது" என்றார்.
மூக்கும் அப்படித்தானாம்,
கூடவே இருக்கும் நாற்றத்தைக் கணக்கில் வைக்காது.

தெரியல.
அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்
உண்மை பேசியவன் ஒருவன்தான்.

நான் பேருந்து ஓட்டுகிறேன்.
அடக்குவது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.
முனையம் வரும்வரை தொடையை இறுக்கிக்கொண்டு
ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் சபித்திருக்கிறேன்.
அவன் எதற்காக அடக்கினான்?
தவணை முறையில்தான் சொன்னான்.
ஒருமுறை வலித்தது, ரத்தம் வந்தது.
பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாள் பிடிக்காத கதவு.
பக்கத்துத் தடுப்பில் ஏறி எவனோ எட்டிப் பார்த்தது.
இடைவேளையில் பாதி, சாப்பாட்டு வரிசைக்கே போய்விடும்.

தூள் மருந்து. சுவை இல்லை என்கிறது பெட்டி.
"இருக்கு" என்கிறான் அவன்.
ஆரஞ்சுச் சாற்றில் கலக்குகிறோம்.
முதல் வாரம் பள்ளிக்கு அனுப்பவில்லை.
அந்த வாரத்தைப் பற்றி நானும் பிரேமளாவும் பேசுவதில்லை,
பார்த்துச் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.
சாப்பிட்டதும் பத்து நிமிடம் உட்கார வேண்டும்.
கால் தொங்கக் கூடாது, அதற்கொரு சிவப்பு முக்காலி.
வந்தாலும் வராவிட்டாலும்
உட்கார்ந்ததற்கே ஸ்டிக்கர்.
நான் கதவுக்கு வெளியே, தரையில்,
என் தடத்தின் நிறுத்தங்களைச் சொல்வேன்.
"நூலகத்துக்கு எதிரே."
"அடுத்தது பெட்ரோல் நிலையம்!"
"சரி."
"கடைசி வந்துடுச்சாப்பா?"
"இன்னும் நாலு இருக்கு. ஓடுற பஸ்ல இறங்காதே."

மிஸ் ஹஸ்லினா மஞ்சள் அட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்.
கை தூக்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம்.
மேசையில் வைத்துவிட்டு எழுந்து நடக்கலாம்,
அலுவலகத்துக்குப் பக்கத்தில்
தாழ்ப்பாள் விழும் கழிவறைக்கு.

ஐந்தாவது மாதம்.
இருபத்திரண்டு நாள் ஒன்றுமில்லை.
நேற்று தேசிய தின ஒத்திகை, நல்ல வெயில்,
தண்ணீர்ப் போத்தல் நிரம்பியபடியே திரும்பி வந்தது.
நான் வேலை முடித்து வர நள்ளிரவு தாண்டிவிட்டது.
தூங்காமல் சோபாவில் உட்கார்ந்திருந்தான்.
இரண்டு காதையும் இழுத்து முடிச்சுப் போட்ட
பிளாஸ்டிக் பையை நீட்டினான்.
"இன்னைக்கு ஒண்ணு."
வாங்கிக்கொண்டேன்.

அவன் படுத்த பிறகு துவைத்து
மூங்கில் கழியில் மாட்டினேன்.
ஒன்பதாம் மாடி ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்,
என் சீருடைச் சட்டைக்குப் பக்கத்தில்.